ஆடிக் காற்றில் பேஸ் பெட்டி

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறுகிறவர்கள் டெக்னோ கேட்டுக்கொண்டு போகவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சென்ட்ரலில் ஜன்னலோரம் இடம் கிடைத்து, கொருக்குப்பேட்டை தாண்டியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் போதும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர் என்று பழைய ஆலைச் சுவர்களும் கன்டெய்னர் அடுக்குகளும் ஜன்னலில் ஓடும். எண்ணூரைக் கடந்ததும் வண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். கழிமுகத்துத் தண்ணீருக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்கும். அத்திப்பட்டு வரை நிலமும் வானமும் சாம்பல் பூத்திருக்கும். கழிமுகத்தில் இரும்பும் சாம்பலும் நிறைந்த கதையைத்தான் டி.எம். கிருஷ்ணா 2017இல் ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ என்று ராகமாலிகையாகப் பாடினார்.

டெக்னோ பிறந்ததும் இந்த மாதிரி ஊரில்தான். 1980களில் டெட்ராய்ட் நகரத்துக் கார் ஆலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தபோது, ஒரே பள்ளியில் படித்த ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் மலிவான ஜப்பானிய இயந்திரங்களை வைத்து இந்த இசையைக் கட்டினார்கள். சுவர் இடிந்த பிறகு பெர்லின் அதை எடுத்துக்கொண்டது. அங்கே ‘ட்ரெசார்’ என்ற கிளப் 1991இல் ஒரு பழைய பல்பொருள் அங்காடியின் நிலவறைப் பெட்டகத்தில் தொடங்கியது. 2007இல் அது இடம் மாறிப்போனது கைவிடப்பட்ட ஒரு மின்நிலையத்துக்குள். மின்நிலையமும் டெக்னோவும் பழைய உறவுக்காரர்கள். அதனால்தான் அத்திப்பட்டுப் புதுநகரில் வண்டி நின்று கிளம்பும்போது காதுக்குள் தாளம் இறங்குவது எனக்கு ஒருபோதும் அந்நியமாகத் தோன்றியதில்லை.

நான் இந்த இசைக்குள் வந்தது சினிமா வழியாக. 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினி சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அதில் தாளத்தைக் கோத்துக் கொடுத்தவர், அப்போது திலீப் என்று அறியப்பட்ட ஏ.ஆர். ரஹ்மான். மனிதக் கை தொடாத துல்லியத்தோடு வந்து விழுந்த அந்த அடி சிறுவயதில் என்னைப் பிடித்துக்கொண்டது. அது கொண்டுபோய்ச் சேர்த்த இடம் சென்னையின் கிளப்புகள். அங்கே ஓடும் ஹவுஸ் இசையின் வேகம் நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி. நன்றாக ஓடி வந்தவனின் நாடித்துடிப்பும் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம் ஆடினால் பக்கத்தில் ஆடுகிறவர் யார், என்ன வேலை, எந்தத் தெரு என்பதெல்லாம் உதிர்ந்துவிடும். அதற்காகத்தான் போவேன். இன்றும் போகிறேன்.

ஆனால் சென்னையில் கிளப் என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டலின் உள்ளே இருக்கும் ஓர் அறை. வாசலில் செருப்பைப் பார்ப்பார்கள், சட்டையைப் பார்ப்பார்கள், ஜோடியாக வந்திருக்கிறோமா என்று பார்ப்பார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு மீனவர் வீட்டின் வாரச் செலவுக்குச் சமமாக இருக்கும். உள்ளே எல்லாரும் சமம் என்று சொல்லும் இசைக்கு வெளியே இப்படி ஒரு சல்லடை வைத்திருப்பது எனக்குப் பெரிய குறையாகவே இருந்துவந்தது. பொன்னேரிப் பக்கத்து நண்பர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: “பேஸ் கேக்கணும்னா ஆடியில எங்க பக்கம் வாங்க. குப்பத்துல கூழ் ஊத்துற அன்னிக்கு வந்து பாருங்க.”

ஆடி வந்ததும் பொன்னேரியில் இறங்கினேன். சித்திரையில் கரிகிருஷ்ணப் பெருமாளும் அகத்தீசுவரரும் தெருவில் சந்தித்துக்கொள்ளும் ஊர். ஆரணியாற்றங்கரையில் நெல்வயல் சூழ்ந்த பழைய தாலுகாத் தலைநகரம். கடைவீதியில் டீ குடித்துவிட்டுப் பழவேற்காடு பேருந்து பிடித்தேன். இருபது கிலோமீட்டர் வாக்கில் வரும். திருப்பாலைவனம் தாண்டியதும் வயல் மெலிந்து உவர்மண் தெரிகிறது, காற்றில் கருவாட்டு வாசம் ஏறுகிறது, பேருந்தில் மீன்கூடைகளோடு ஏறும் அக்காமார்களின் பேச்சுச் சத்தம் கூடுகிறது. ஓட்டுநர் வைத்திருந்த கானாப் பாட்டுக்கு அவர்கள் யாரும் காதுகொடுக்கவில்லை. ஆனால் எல்லோருடைய காலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பழவேற்காட்டில் முதலில் டச்சுக் கல்லறைக்குத்தான் போனேன். வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடுகள் செதுக்கிய கல் தூண்கள். உள்ளே எழுத்தும் மரபுச் சின்னமுமாக நுணுக்கமாக வெட்டிய கல்லறைகள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரை இதுதான். இங்கிருந்து கட்டம்போட்ட துணிகளைக் கப்பலேற்றி, கிழக்குத் தீவுகளில் கொடுத்து ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றினார்கள் என்பதை அந்த அழகான கற்களுக்கு முன்னால் நின்று மறக்கக்கூடாது. பழவேற்காட்டின் பெயர் இன்றும் ‘பாலயகாட்’ லுங்கியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டச்சுக்காரர்களைப் பற்றி நினைத்தால் என்னைப் போன்றவனுக்கு இன்னொரு நினைவும் வரும். மும்பையில் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்ற கலைஞர் 1982இல் எச்.எம்.வி.யில் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த தட்டு. பூபாலி, யமன், மால்கௌன்ஸ் என்று போகும். நம் கணக்கில் மோகனம், கல்யாணி, இந்தோளம். அவர் கையிலிருந்தவை ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகள்: டிஆர்-808 தாள இயந்திரம், டிபி-303 பேஸ் இயந்திரம், ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர். 303ஐ ரோலண்ட் செய்ததே தனியாக கிட்டார் பழகுகிறவர்களுக்குப் பின்னணியில் பேஸ் வாசிக்க. யாரும் வாங்கவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததைச் சிகாகோ இளைஞர்கள் எடுத்து, திருகுகளைத் தாறுமாறாகத் திருப்பி, 1987இல் ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற ஒரு வகையையே உண்டாக்கினார்கள். அதே கருவியில், அதே வழுக்கி ஏறும் சுரங்களை, ஐந்து ஆண்டு முன்னாலேயே சரண்ஜித் சிங் வாசித்து முடித்திருந்தார். தட்டு விற்கவில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் 2010இல் மறுபதிப்புச் செய்தபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. எழுபதைத் தாண்டிய வயதில் அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார்; 2015இல் காலமானார். அந்தத் தட்டை நான் எங்கே போனாலும் பென் டிரைவில் எடுத்துப்போவேன். அன்றும் சட்டைப் பையில் இருந்தது.

ஏரியின் மேல் போட்ட பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இந்த ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் தமிழ்நாட்டில். கடலும் ஏரியும் கைகுலுக்கும் முகத்துவாரம் மணல் மூடுவதும் திறப்பதும்தான் இங்கே எல்லாப் பேச்சுக்கும் அடிப்படை. முகத்துவாரம் மூடினால் இறால் வராது, மடவை வராது, படகு கடலுக்குப் போகாது. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்ற வழக்கம் தலைமுறைகளாக நடக்கிறது. வலை கூட இல்லாத இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள்.

கரையில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அம்பாப் பாட்டு பற்றிக் கேட்டேன். ஒருவர் ஓர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே குரலில் வாங்கிக்கொண்டு, அந்த மூச்சில் வலையை இழுக்கும் வேலைப் பாட்டு. “இப்ப வலிக்கிறதுக்கு ஆளு எங்கப்பா? இன்ஜின் இருக்குது, அது பாடுது” என்றார். பிறகு தானாகவே இரண்டு மூன்று முறை அடித்தொண்டையில் எடுத்துக் காட்டினார். ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். திரும்பும் ஒவ்வொரு முறையும் சின்னதாக ஓர் ஏற்றம். அதைத்தான் நாங்கள் லூப் என்கிறோம். உடம்பு சோராமல் இருக்க ஒரே அடியைத் திருப்பிச் சொல்லும் இந்த உத்தி டெக்னோவின் உயிர்நாடி. அது வேலையிலிருந்து பிறந்தது என்பதை அந்தப் பெரியவரின் தோள் அசைவில் பார்த்தேன்.

சவுண்ட் செட் சாயங்காலம் நாலு மணிக்கு வந்தது. இரண்டு குட்டி யானை வண்டிகள். ஒன்றில் ஜெனரேட்டரும் சீரியல் லைட்டும், இன்னொன்றில் பெட்டிகள். செட்டுக்காரர் நாற்பது வயது இருப்பார். அப்பா காலத்தில் கூம்பு ஸ்பீக்கரும் அஹூஜா ஆம்ப்ளிஃபயரும் வைத்து நடத்திய தொழில். இவர் பெட்டிக்கு மாறியிருக்கிறார். பதினெட்டு அங்குல பேஸ் பெட்டிகள் கீழே, டாப் மேலே. பெட்டி செய்ததும் அவரே. ஒலி வெளியேறும் வாயின் அளவை எப்படிக் கணக்கிட்டார் என்று கேட்டேன். இன்னொரு பெட்டியைக் கழற்றிப் பார்த்து, இரண்டு மூன்று பலகையை வீணாக்கிக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். ஜமைக்காவில் 1950களில் தெருவுக்குத் தெரு பெட்டி அடுக்கிப் போட்டியிட்ட சவுண்ட் சிஸ்டம்காரர்களும் இதே வழியில் கற்றவர்கள். லண்டனின் பேஸ் இசை முழுவதும் அந்தப் பெட்டிகளுக்குப் பிறந்த பிள்ளை.

நான் கிளப் போகிறவன் என்று தெரிந்ததும் அவர் ஆர்வமானார். “கிளப்பா? அங்க ஏசி ரூம்ல அடைச்சு அடிப்பாங்க சார். பேஸு செவுத்துல மோதித் திரும்பி வந்து கொழப்பும். இங்க செவுரே கிடையாது. ஓடிக்கினே இருக்கும்.” அவர் சொன்னது அப்பட்டமான இயற்பியல். நொடிக்கு 50 அதிர்வு உள்ள ஒலியின் அலைநீளம் ஏழு மீட்டர் அளவுக்கு வரும். சின்ன அறைக்குள் அந்த அலை சுவரில் மோதித் தன்மேலேயே விழும். ஒரு மூலையில் வீங்கும், இன்னொரு மூலையில் காணாமல் போகும். திறந்த மணலில் அந்தத் தொல்லை இல்லை. இரவில் தண்ணீருக்கு மேல் படியும் குளிர்ந்த காற்று ஒலியைக் கீழ்நோக்கி வளைக்கும். அதனால் அக்கரையில் இருப்பவருக்கும் பாட்டு தெளிவாகக் கேட்கும். அன்றைக்கு ஆடிக் காற்று தெற்கிலிருந்து தள்ளிக்கொண்டிருந்ததால் டாப் பெட்டிகளைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தார். நல்ல மேடைகளின் பொறியாளர்கள் கணினியில் பார்த்துச் செய்வதை அவர் வேட்டி நுனி பறக்கும் திசையைப் பார்த்துச் செய்தார்.

கூழ் ஊற்றி முடிந்து இருட்டியதும் பம்பைக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பம்பை, ஓர் உடுக்கை, ஓர் உறுமி. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். உடுக்கையின் நடுவில் ஓடும் கயிறுகளை விரலால் அழுத்தினால் தோல் இறுகிச் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே இல்லாமல் வழுக்கிப் போகும் அந்த ஓசையைத்தான் 303இல் ‘ஸ்லைடு’ பொத்தான் வைத்துக் கொண்டுவந்தார்கள். உறுமியோ வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்த்து எழுப்பும் ஓசை. காதுக்கு வருவதற்கு முன் விலா எலும்புக்கு வந்துவிடும். 808இன் நீண்ட பேஸ் அடியை முதன்முதலில் ஒரு நல்ல கிளப்பில் கேட்டபோது என் உடம்பு ஏன் உடனே தலையாட்டியது என்பதற்கு விடை இந்தக் கருவிதான். சிறுவயதிலிருந்து சாவு ஊர்வலத்திலும் கோயிலிலும் கேட்டு வளர்ந்த ஓசை அது.

உறுமியின் ஓசையை உலகக் கிளப்புகளுக்குக் கொண்டுபோனவர் ஒரு தமிழ்ப் பெண். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரில் பெயர்ந்து, 1986இல் லண்டனுக்குத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுகிறவர். முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயர், ‘அருளர்’. 2007இல் வந்த இரண்டாவதற்கு அம்மாவின் பெயர், ‘கலா’. அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமி மேளக்காரர்களைக் கூட்டிப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாடலில் அந்த மேளம் மெருகேற்றப்படாமல், முரட்டுத்தனம் குறையாமல் இருக்கிறது. அந்தப் பாடல் எனக்கு உயிர். காரணம், அதன் தாளம் யாருக்காகவும் நிமிர்த்தப்படவில்லை. நம் குத்து பெரும்பாலும் திஸ்ர நடை. ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். ஹவுஸும் டெக்னோவும் சதுஸ்ரம், நான்காகப் பிரியும். நம்மூர் ரீமிக்ஸ்காரர்கள் பலர் குத்துப் பாட்டைத் தட்டி நீட்டிச் சதுஸ்ரத்துக்குள் அடைப்பார்கள். அந்த நிமிடமே பாட்டு செத்துவிடும். நான்குக்கு மேல் மூன்றை அப்படியே ஓடவிட்டால் இரண்டும் உரசித் தீப்பொறி பறக்கும்.

அன்றிரவு அது என் கண்முன்னால் நடந்தது. செட்டுக்காரர் பெட்டியில் கானா போட்டுக்கொண்டிருந்தார். மீன்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கும், கானா உலகநாதன் பாடிய ‘சித்திரம் பேசுதடி’ படப் பாட்டுக்கு மீனவக் குப்பத்தில் கிடைக்கும் வரவேற்பைச் சொல்லவே வேண்டாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் ஒரு பையன் ரிதம் பேடில் நாலடியை அடிக்கத் தொடங்கினான். பம்பைக்காரர்கள் அதற்கு மேல் திஸ்ரத்தில் ஏறினார்கள். செட்டுக்காரர் பாட்டைக் குறைத்து பேஸை மட்டும் ஏற்றினார். மணல் தரை அதிர்ந்தது. இருநூறு பேருக்குக் குறையாத கூட்டம் ஒரே உடம்பாக எழும்பியது. சிகாகோவிலோ பெர்லினிலோ பெயர்பெற்ற தளத்தில் ஆடிய எவரும் அந்த நொடியை அடையாளம் கண்டுகொள்வார்கள். பொடிப் பையன்கள், பல் போன தாத்தாக்கள், மறுநாள் விடியலில் கடலுக்குப் போகவேண்டிய போட்டுக்காரர்கள், வெளியூரிலிருந்து வந்த நான், எங்கள் யாரையும் வாசலில் நிறுத்திச் சட்டையைப் பார்க்க யாரும் இல்லை.

பெண்கள் மட்டும் தள்ளி நின்றார்கள். சாமி வந்தபோதுதான் அவர்கள் நடுவுக்கு வந்தார்கள். ஓர் அம்மா தலைமுடி அவிழ்ந்து பம்பைக்கு முன் ஆடியபோது கூட்டம் முழுவதும் அவருக்கு வழிவிட்டு விலகியது. அந்த ஆட்டத்தின் வலிமைக்கு முன்னால் எங்கள் ஆட்டமெல்லாம் விளையாட்டு. ஆனாலும் சாமி வராத நேரத்திலும் அந்தத் தளம் அவர்களுடையதாக இருக்கவேண்டும் என்றுதான் நான் விரும்புகிறேன். ஹவுஸ் இசை வளர்ந்த சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ கிளப், ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977 முதல் தட்டு சுழற்றிய இடம், வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாத கறுப்பின, தற்பாலினத்தவருக்கு அடைக்கலமாகத் திறந்த இடம். ஆடும் தளத்தின் தகுதியை அளக்க எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல், அங்கே யார் பயமில்லாமல் ஆடுகிறார்கள் என்பது.

இன்னொரு வருத்தமும் உண்டு. திருவிழா நோட்டீசில் நன்கொடையாளர் பெயர் இருந்தது, சவுண்ட் சர்வீஸ் பெயரும் போன் நம்பரும் இருந்தன. மேளக்காரர்கள் பெயர் இல்லை. அவர்கள் வேறு ஊரிலிருந்து கூலிக்கு வருகிறவர்கள். அவர்கள் தெரு எங்கே இருக்கும் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டெட்ராய்ட் இளைஞர்கள் கட்டிய இசைக்கும் இதுதான் நேர்ந்தது. பணம் பெருகிய மேடைகளில் அவர்கள் பெயர் மங்கிப்போனது. 2018 ஜனவரியில் பா. ரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசையமைப்பில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, கானாக்காரர்களும் பறை வாசிப்பவர்களும் ராக் கிட்டாருக்குப் பக்கத்தில் சரிசமமாக நின்றார்கள். அன்று வந்த மாற்றம் குப்பத்து நோட்டீஸ் வரை வந்துசேரவேண்டும். பெர்லின் டெக்னோவை ஜெர்மனி 2024இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பம்பைக்காரருக்கு ஒரு நோட்டீசில் ஒரு வரி கிடைக்காதா?

இதைப் படித்துவிட்டு யாராவது இந்தக் கரையில் டிக்கெட் வைத்து ஈ.டி.எம். திருவிழா நடத்தலாம் என்று நினைத்தால் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். கோவாவின் அஞ்சுனாவில் நிலவொளியில் தொடங்கிய ஆட்டம் பெரிய கம்பெனிகளின் சந்தையானதைப் பார்த்தாயிற்று. இங்கே பூநாரைகள் குளிர்காலத்தில் வந்து இறங்கும் ஏரி இருக்கிறது. ஊர்க்காரர்கள் தங்கள் அம்மனுக்கு, தங்கள் சக்திக்குள் எடுக்கும் இரவு இது. போகிறவர்கள் விருந்தாளியாகப் போகலாம். கூழ் குடிக்கலாம், ஆடலாம்.

இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. திருவிழா நாட்களில் நடுநிசி வரை தளர்த்திக்கொள்ள மாநில அரசுக்கு இடமுண்டு. பன்னிரண்டுக்குச் சரியாகச் செட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினார். பெட்டி அணைந்த பின்னும் கோயிலுக்குள் பம்பை தணிந்த குரலில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஒரு படகு மறைவில் படுத்துக் கொஞ்சம் தூங்கினேன்.

காலையில் பெட்டி ஏற்றும் நேரம். ஒரு பேஸ் பெட்டியில் கரகரப்பு இருப்பதாகச் செட்டுக்காரருக்குச் சந்தேகம். ஏதாவது ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார். பென் டிரைவை நீட்டினேன். சரண்ஜித் சிங்கின் பூபாலி ஓடியது. வேனுக்காகக் காத்திருந்த பம்பைக்காரர் தலையை நிமிர்த்தினார். “மோகனம் இல்ல இது?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து குச்சியை எடுத்து, மடியில் கிடந்த பம்பையில் மூன்று மூன்றாகத் தட்டிப் பார்த்தார். முதல் சுற்றில் உரசியது. இரண்டாவது சுற்றில் உட்கார்ந்துகொண்டது. 1982இல் மும்பையில் இயந்திரம் போட்ட நாலடிக்கு மேல் பழவேற்காட்டுத் திஸ்ரம் ஏறி ஓடியது. பெட்டி தூக்கிக்கொண்டிருந்த பையன்கள் அப்படியே கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

செட்டுக்காரர் கரகரப்பை மறந்துவிட்டார். பாடியவர் யார் என்று கேட்டார். பாட்டு இல்லை, வாசிப்பு மட்டும்தான் என்று சொல்லி, தட்டின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். “அப்பவே இந்த ஆளு நம்ம ரேடியோவுக்கு வந்திருந்தா எங்கப்பா கூம்புலயே அடிச்சிருப்பாரு” என்று சிரித்தவர், பெயரை இரண்டு முறை கேட்டு, லேப்டாப்பில் தமிழிலேயே டைப் செய்து சேமித்துக்கொண்டார். பம்பைக்காரரின் பெயரை நான் என் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

“அடுத்த ஞாயித்துக்கெழம கோரைக்குப்பத்துல செட்டு” என்றார் செட்டுக்காரர், வண்டியில் ஏறிக்கொண்டே. “ரெண்டு மணிக்கே வந்துருங்க. பம்பை அண்ணனையும் வரச் சொல்லிருக்கேன். இத பெரிய பெட்டியில போட்டுப் பாப்போம்.”